பந்தை எறிபவனுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்?

ஏப்ரல் வந்தால் எங்கள் ஊரில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து வரும். முதலில் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தியாகராஜ ஆராதனை. 1978-இல் தொடங்கியது. சென்னை சபாவில் கடைசி வரிசையில் இருந்து கேட்ட வித்வான்களை இங்கே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். அதன் பிறகு, மாதக் கடைசியில், என்.எஃப்.எல். டிராஃப்ட். ஒன்றுக்குப் பட்டுப்புடவை, இன்னொன்றுக்கு ஆரஞ்சு நிற ஸ்வெட்டர். 2006-இல் இங்கே வந்ததிலிருந்து இரண்டையும் நான் விட்டதில்லை.

பார்மா சிவா-விஷ்ணு கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அக்கா, நம்ம டீம் இந்தத் தடவையாவது முதல் ரவுண்டிலேயே ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்துட்டா என்ன?" வரிசை நகர்வதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். கல்லூரி ஆட்டம் முடித்து வரும் பையன்களை ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏழு சுற்றுகளில் பங்கிட்டுக்கொள்வார்கள். அதுதான் டிராஃப்ட். போன வருடம் மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் உரிமை. குவார்ட்டர்பேக் என்பவன் ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று மூன்று வினாடிக்குள் முடிவெடுப்பவன். அவனுக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். அதுதான் ஆஃபென்சிவ் லைன். அந்தச் சுவரை உடைத்து வந்து, பந்து கையில் இருக்கும்போதே அவனைச் சாய்த்துவிட்டால் அது சாக்.

எனக்கு இதையெல்லாம் முதலில் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1995 சீசனோடு அவருடைய அணியை பால்டிமோருக்குத் தூக்கிக்கொண்டு போனதையும், 1999-இல் இங்கே அதே பிரவுன்ஸ் என்ற பெயரில் புது அணி வந்ததையும் அவர் சொல்லும்போது குடும்பத்தில் நடந்த சாவையும் பிறப்பையும் சொல்கிற மாதிரி இருக்கும். அந்தப் புது அணி முதல் ஆளாக எடுத்தது டிம் கவுச் என்ற குவார்ட்டர்பேக்கை. அனுபவசாலியான டை டெட்மர் முதலில் ஆடட்டும், பையன் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பதுதான் திட்டம். முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் 43-0 என்று அடித்தது. அடுத்த வாரமே கவுச்சைத் தொடக்கத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த வருடம் அவரை 56 தடவை சாய்த்தார்கள். "ஒரே ஒரு வாரம்தான் பொறுமையாக இருந்தோம்" என்று பெரியவர் சொல்வார்.

அதே 1999-இல் முதல் 12 இடங்களுக்குள் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். கவுச், மெக்நாப், அக்கிலி ஸ்மித், கல்பெப்பர், மெக்நவுன். நீடித்து நின்றவர்கள் மெக்நாபும் கல்பெப்பரும்தான். அதற்கு முந்தைய வருடம் இண்டியானாபொலிஸ் முதல் ஆளாக எடுத்த பெய்ட்டன் மானிங், முதல் சீசனில் 28 முறை பந்தை எதிரணி கையில் கொடுத்தார். அணி 3-13, அதாவது மூன்று வெற்றி, 13 தோல்வி. கவுச்சை விடத் தப்பு அதிகம் செய்தவர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவரைச் சாய்த்தது 22 தடவைதான். தப்பு செய்துவிட்டு எழுந்து நிற்க அவருக்கு உடம்பு மிச்சமிருந்தது. அடுத்த வருடம் அணி 13-3.

இந்த எண்கள் எல்லாம் எனக்கு வெறும் கதையாகத்தான் இருந்தன, 2017 வரை.

என் மகன் சின்ன வயதிலிருந்தே நல்ல உயரம், நல்ல உடம்பு. நடுநிலைப் பள்ளியிலேயே கோச் ஒருவர் அவனை லைனில் நிற்க வைத்துவிட்டார். முதல் நாள் பல் காப்பான் வாங்கி வந்தோம். அதை வெந்நீரில் போட்டு, இளகியதும் பல்லில் வைத்துக் கடித்து வடிவம் எடுக்க வேண்டும். ரசம் வைக்கிற பாத்திரத்தில்தான் கொதிக்க வைத்தேன். விரல்களுக்கு டேப் சுற்றவும் நான்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டும்போது மூட்டுக்கு மேலேயும் கீழேயும்தான் சுற்ற வேண்டும், மூட்டின் மேல் சுற்றினால் மடக்க முடியாது. ஆட்டம் முடிந்து வந்தால் அவன் முன்கைகளில் சிராய்ப்பு இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

அம்மாவாகப் பார்த்ததால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மைதானத்தில் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் மகனைப் பார்ப்பேன். பந்து எங்கே போனது என்று கூட்டம் கத்துவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். பந்து ஸ்னாப் ஆனதும் (லைனின் நடு ஆள் அதைக் குவார்ட்டர்பேக் கைக்குக் கொடுத்ததும்) வாய்க்குள் எண்ணத் தொடங்குவேன்: ஒண்ணு, ரெண்டு, மூணு. மூன்று வரும்வரை அவன் காலில் நின்றால் எனக்கு நிம்மதி. அப்படித்தான் லைனைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

2017 இலையுதிர் காலத்தில் அவன் ஒன்பதாம் வகுப்பு. அவன் பள்ளியின் பெரிய அணி முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றிருந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் கை மாதிரி ஒரு கையை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. நாலாவது வாரம் கோச் அவனைக் குவார்ட்டர்பேக்காக இறக்கினார். முதல் ஆட்டத்தில், வலது பக்கக் கோட்டை ஒட்டி அவன் எறிந்த ஒரு பந்து, நாற்பது கெஜம் இருக்கும், மேலே போய்க்கொண்டே இருந்து ஓடுகிறவனின் இரண்டு கைக்குள் வந்து உட்கார்ந்தது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். ஊருக்கு விடிவு வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த வாரம் லைனில் இரண்டு பேருக்குக் காயம். ஆள் இல்லாததால் ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகனை மேலே கொண்டுபோனார்கள். பதினாலு வயதுப் பையன், பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களுக்கு எதிராக. நான் எண்ணத் தொடங்கினால் "ரெண்டு" சொல்லி முடிப்பதற்குள் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பான். அந்த ஆறு வாரமும் இதே கதைதான்.

ஒன்பதாவது வாரம் நான் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பையனின் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தேன். முதல் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும் அவன் முகம் தூரத்தில் ஓடுகிறவர்களை நோக்கி நிமிர்ந்து இருக்கும். இப்போது பந்து கைக்கு வரும் முன்பே முகம் தாழ்ந்துவிட்டது. தன்னை அடிக்க வருகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாருமே அடிக்க வராத ஒரு தடவையும் பின்னால் பின்னால் ஓடி, பந்தைத் தரையில் எறிந்தான். 2019-இல் நியூயார்க் ஜெட்ஸின் சாம் டார்னல்ட் ஆட்டத்துக்கு நடுவே, தனக்குப் பேய்கள் தெரிகின்றன என்று சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகி நாடே கேட்டது. பலர் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பையனின் ஹெல்மெட்தான் ஞாபகம் வந்தது.

அன்று இரவு காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். மழை. மகன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சிக்னலில் நிற்கும்போது சொன்னான்: "அம்மா, என்னாலதான் அவன் ஒவ்வொரு தடவையும் விழறான்." பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். என் மகன் மேல் தப்பு இல்லை. அந்தப் பையன் மேலும் இல்லை. இரண்டு குழந்தைகளையும் தயாராவதற்கு முன் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, ஜெயித்துக் காட்டு என்று சொன்னது பெரியவர்கள். முதல் நாள் எழுந்து நின்று கைதட்டிய நானும் அதில் அடக்கம்.

அதே சீசனில் பிரவுன்ஸும் அதையே செய்துகொண்டிருந்தது. டெஷோன் கைசர் என்ற 21 வயதுப் பையன், இரண்டாம் சுற்றில் எடுத்தவர், முதல் நாளிலிருந்தே ஆடினார். அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த குவார்ட்டர்பேக் கிடையாது. மாற்று ஆட்களும் அவரைப் போலவே சின்னப் பையன்கள்தான். 22 இன்டர்செப்ஷன், அதாவது அவர் எறிந்ததை எதிரணி பிடித்துக்கொண்டது 22 தடவை. அணி 0-16. 2018 ஜனவரியில், எலும்பு உறையும் குளிரில், ஸ்டேடியத்தைச் சுற்றிப் பூஜ்ய வடிவத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலம் போனார்கள். உணவு வங்கிக்குக் கொடுக்க டின் உணவுகளைக் கொண்டுவந்தார்கள். பெரியவர் போகவில்லை. மகனும் நானும் ஒரு பை நிறைய டின்னைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம்.

சரி, அப்படியானால் குவார்ட்டர்பேக்கை எடுக்காமல் முதலில் சுவரைக் கட்டு என்பதுதான் பதிலா? அங்கேயும் எங்கள் ஊர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஜோ தாமஸ். 2007-இல் மூன்றாவது ஆளாக எடுத்த லெஃப்ட் டேக்கிள், அதாவது சுவரின் இடது ஓரத்தில் நிற்பவர். டிராஃப்ட் அன்று நியூயார்க் மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போனவர். ஒரு ஸ்னாப்கூட விடாமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப் ஆடினார், 2017 அக்டோபரில் கைத்தசை கிழியும் வரை. 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவர் தன் முதுகுக்குப் பின்னால் காப்பாற்றிய குவார்ட்டர்பேக்குகள் 20 பேர். சீசன் முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் பிளேஆஃபை ஒருமுறைகூட ஆடவில்லை. அவர் மாதிரி ஒருவர் 11 வருடம் நின்றும், பந்தை எறிய ஆள் இல்லாவிட்டால் இதுதான் கதி.

ஆள் தேடாமலும் இல்லை. 2007-இல் பிரேடி க்வின், 2012-இல் பிராண்டன் வீடன், 2014-இல் ஜானி மன்ஸெல். மூன்று பேரும் 22-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர்கள். அந்த எண்ணைக் கேட்டாலே இங்கே பலருக்கு முகம் மாறும். வீடனை எடுத்தபோது அவருக்கு வயது 28. அதே டிராஃப்டில் ரஸ்ஸல் வில்சன் 75-ஆவது ஆளாக சியாட்டிலுக்குப் போனார். குவார்ட்டர்பேக் வேண்டும் என்ற அவசரத்தில் கிடைத்தவனை முதல் சுற்றில் எடுப்பதும், இவன்தான் என்று நம்பி எடுப்பதும் வேறு வேறு. அந்த வருட டிராஃப்டில் அப்படிப்பட்ட ஒருவன் இருக்கிறானா என்பதை உங்கள் அணியின் தேவை தீர்மானிக்காது. பசிக்கிறது என்பதற்காக வேகாத சோற்றை இறக்க முடியாது.

காத்திருந்தும் கெட்டோம். 2017-இல் எங்கள் கையில் இருந்த 12-ஆவது இடத்தை ஹூஸ்டனுக்கு விற்றார்கள். அதற்கு இரண்டு இடம் முன்னால், பத்தாவது ஆளாக, பேட்ரிக் மஹோம்ஸ் கான்சஸ் சிட்டிக்குப் போயிருந்தார். ஆனால் மஹோம்ஸ் போன இடத்தைப் பாருங்கள். முந்தைய வருடம் 12-4 எடுத்த அணி. அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலி ஒரு வருடம் முழுக்க முன்னால் நின்றார். மஹோம்ஸ் அந்த சீசனில் தொடக்கத்திலிருந்து ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அவரையே நாங்கள் எடுத்து, கைசரை நிறுத்திய இடத்தில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது.

2018-இல் பேக்கர் மேஃபீல்ட் முதல் ஆளாக வந்தார். இந்தத் தடவை முன்னால் டைராட் டெய்லர் என்ற மூத்தவர் இருந்தார். செப்டம்பர் 20, வியாழக்கிழமை இரவு, டெய்லருக்கு அடிபட, 0-14 என்று பின்தங்கிய நிலையில் மேஃபீல்ட் இறங்கினார். 21-17. 635 நாளுக்குப் பிறகு முதல் வெற்றி. எங்கள் தெருவில் நள்ளிரவில் கார் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். எனக்கும் அழுகை வந்தது.

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வருவது. மூன்றே வருடத்தில் மேஃபீல்டுக்கு நாலு தலைமைக் கோச்: ஹ்யூ ஜாக்சன், இடைக்காலத்துக்கு கிரெக் வில்லியம்ஸ், பிறகு ஃப்ரெடி கிச்சன்ஸ், பிறகு கெவின் ஸ்டெஃபான்ஸ்கி. ஒவ்வொரு கோச்சுக்கும் தனி மொழி. ஆட்டத் திட்டங்களுக்குத் தனிப் பெயர்கள், காலடி வைக்கத் தனிக் கணக்கு. வருடா வருடம் பாட்டு வாத்தியாரை மாற்றினால் குழந்தைக்கு எந்தப் பாடாந்தரமும் ஒட்டாது இல்லையா, அதே நிலைமை. 2019-க்கு முன் கார்டு என்கிற, லைனில் டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் நல்ல ஆள் ஒருவரை வேறு விற்றுவிட்டார்கள். அந்த வருடம் மேஃபீல்டுக்கு 21 இன்டர்செப்ஷன், அணி 6-10. இவன் தேறமாட்டான் என்று கோயிலில்கூடச் சொன்னார்கள்.

2020-இல் என்ன மாறியது? அதே பையன்தான். வலது டேக்கிளுக்கு ஜாக் காங்க்ளினை வாங்கினார்கள். டிராஃப்டில் பத்தாவது இடத்தில் ஜெட்ரிக் வில்ஸ் என்ற டேக்கிளை எடுத்தார்கள். லைனுக்கென்று பில் காலஹன் என்ற அனுபவமுள்ள கோச் வந்தார். நான் எண்ணினால் மூன்று தாண்டி நாலு வந்தது. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்த்த 26 டச் டவுன், 8 இன்டர்செப்ஷன், 11-5. 2021 ஜனவரி 10 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த பிளேஆஃபில், கொரோனாவால் ஸ்டெஃபான்ஸ்கியே வீட்டில் இருந்தபோது, முதல் கால்பகுதியிலேயே நாங்கள் 28-0 என்று முன்னிலை. கடைசியில் 48-37. பெரியவர் அப்போது ஃபுளோரிடாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். 28-0 ஆனதும் போன் செய்தார். பேசவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நானும் பேசவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு வைத்தோம்.

அடுத்த வருடம் மேஃபீல்டுக்குத் தோளில் அடி. 2022-இல் மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து, 230 மில்லியன் டாலர் உத்தரவாதத்தோடு டெஷான் வாட்சனைக் கொண்டுவந்தார்கள். 20-க்கும் மேற்பட்ட பெண்கள் அவர் மேல் வழக்குத் தொடுத்திருந்த நேரம் அது, அவர் மறுத்துவந்தார். அந்த வருடம் நான் ஸ்வெட்டரை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். டிராஃப்டில் பொறுமையாக வளர்ப்பதைத் தவிர்த்து விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

எடுத்தவனை ஏன் இத்தனை அவசரமாக இறக்குகிறார்கள் என்பதற்குப் பணக் கணக்கும் ஒரு காரணம். 2010-இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு 50 மில்லியன் டாலர் உத்தரவாதம். 2011-இல் சம்பள விதி மாறிய பிறகு, அதே இடத்தில் போன கேம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கும் சேர்த்தே 22 மில்லியன். முதல் சுற்று ஆளுக்கு ஐந்தாவது வருடத்தையும் அணி நீட்டிக்கொள்ளலாம். மூத்த குவார்ட்டர்பேக்கின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம்தான். மிச்சப் பணத்தில் மற்ற ஆட்களை வாங்கலாம். அதனால், மலிவாகக் கிடைக்கிற வருடத்தை பெஞ்சில் உட்கார வைத்து வீணாக்குவானேன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உட்கார்ந்து கற்ற வருடம் வீண் என்று நான் நம்பவில்லை.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2023-ஐப் பாருங்கள். கரோலினா பாந்தர்ஸ் ஒன்பதாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏற, சிகாகோவுக்குக் கொடுத்தது: டி.ஜே. மூர் என்ற தன் சிறந்த ரிசீவர், அந்த ஒன்பதாவது இடம், 61-ஆவது இடம், 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று. வாங்கிய பையன் பிரைஸ் யங். அவன் பந்து எறிய வேண்டிய ஆளையே விற்று அவனை வாங்கினார்கள். 62 சாக். 2-15. கோச் 11 ஆட்டத்தில் வேலை இழந்தார். அவர்கள் விற்ற 2024 உரிமைதான் அந்த வருடத்தின் முதல் இடமாகி, சிகாகோவுக்கு கேலப் வில்லியம்ஸைக் கொடுத்தது. அவரையும் முதல் வருடம் 68 தடவை சாய்த்தார்கள், அது வேறு.

அதே 2023-இல் இரண்டாவது ஆளாக ஹூஸ்டனுக்குப் போனவர் சி.ஜே. ஸ்ட்ரவுட். ஹூஸ்டனும் தோற்றுக் கிடந்த அணிதான். ஆனால் இடது பக்கம் லாரெமி டன்ஸில் என்ற தேர்ந்த டேக்கிள் இருந்தார். டெமிக்கோ ரையன்ஸ் என்ற கோச் அதே வருடம் ஆறு வருட ஒப்பந்தத்தில் வந்தார். பையனும் கோச்சும் ஒரே நாளில் வேலையைத் தொடங்கின மாதிரி. ஸ்ட்ரவுட் அந்த சீசனில் கொடுத்தது ஐந்தே இன்டர்செப்ஷன். 2024 ஜனவரியில் பிளேஆஃபில் எங்களையே 45-14 என்று அடித்தார். வலித்தது. ஆனாலும் எண்ணிப் பார்த்தேன்: மூன்று, நாலு, சில சமயம் ஐந்து.

பிரைஸ் யங்குக்கும் ஒரு பின்கதை உண்டு. 2024-இல் கரோலினா இரண்டு கார்டுகளைப் பெரும் விலைக்கு வாங்கியது. இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு யங்கைக் கொஞ்ச நாள் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆள் மாதிரி ஆடினார். முகம் நிமிர்ந்திருந்தது.

சுவரே இல்லாமல் ஜெயித்தவர்களும் உண்டு என்று என் கணவர் உடனே சொல்வார். எங்கள் ஒஹாயோவின் தெற்கே சின்சினாட்டி. 2019-இல் 2-14. 2020-இல் ஜோ பர்ரோவை முதல் ஆளாக எடுத்தது. நவம்பரில் அவர் முழங்கால் கிழிந்தது. அடுத்த டிராஃப்டில் டேக்கிளை எடுப்பார்கள் என்று எல்லோரும் நினைக்க, கல்லூரியில் பர்ரோவோடு ஆடிய ஜமார் சேஸ் என்ற ரிசீவரை எடுத்தார்கள். அந்த சீசனில் பர்ரோவை 51 தடவை சாய்த்தும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனார்கள். மறுக்க முடியாது. ஆனால் அந்த முழங்காலுக்குப் பின் மணிக்கட்டு, கால்விரல் என்று அவர் இழந்த மாதங்களையும் நான் எண்ணுகிறேன். அவ்வளவு பெரிய திறமைக்கு அதைவிட நல்ல கவனிப்பு கிடைத்திருக்க வேண்டும்.

ஆக, வரிசையில் நின்று கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது இதுதான். உங்கள் அணியின் ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் இருபது ஸ்னாப் எண்ணுங்கள். எத்தனை தடவை மூன்று வந்தது? இந்தப் பையனை எடுக்கிற கோச் மூன்றாவது வருடம் வேலையில் இருப்பாரா? இந்த வருடம் தோற்றால் போய்விடுவார் என்றால், அவர் தன் வேலையைக் காப்பாற்றப் பையனைச் சீக்கிரம் இறக்குவார். அடுத்து வருகிறவர் இவன் என் ஆள் இல்லை என்பார். முதல் சில மாதம் முன்னால் நிற்க ஒரு மூத்தவர் உண்டா? உங்கள் இடத்திலேயே இருந்து எடுக்கிறீர்களா, அல்லது அவனுக்குத் துணையாக வரவேண்டிய ஆட்களின் உரிமையை விற்று எடுக்கிறீர்களா? இடங்களைக் கைமாற்ற அணிகள் பயன்படுத்திய பழைய மதிப்பெண் பட்டியலின்படி முதல் இடத்துக்கு 3000 புள்ளி, பத்தாவதற்கு 1300. அந்த வித்தியாசத்தை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதில் பாதிக்காவது ஆம் என்று வந்தால், நம்புகிற பையன் இருந்தால், தயங்காமல் முதல் ஆளாக எடுக்கலாம். நல்ல குவார்ட்டர்பேக் பத்தாவது இடம்வரை காத்திருப்பது அபூர்வம். ஒன்றுமே இல்லை என்றால் ஒரு வருடம் சுவரைக் கட்டிவிட்டு வரலாம். இன்னொன்றும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: 2021 டிராஃப்ட் எங்கள் கிளீவ்லாந்தில்தான் நடந்தது. முதல் 15 இடத்தில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். 2024 சீசன் தொடங்கும்போது எடுத்த அணியிலேயே இருந்தவர் டிரெவர் லாரன்ஸ் ஒருவர்தான்.

கைவிட்ட பிறகு எழுகிறவர்களும் இருக்கிறார்கள். பேய் தெரிகிறது என்ற டார்னல்ட் 2024-இல் மினசோட்டாவுக்கு 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். மேஃபீல்ட் டாம்பாவில் நன்றாக ஆடுகிறார். எங்கள் பள்ளிப் பையனுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. அடுத்த வருடமே கால்பந்தை விட்டு பேஸ்பாலுக்குப் போய்விட்டான்.

2019-இல், என் மகன் பதினொன்றாம் வகுப்பில், லைனுக்குத் தனிக் கோச் வந்து இரண்டு கோடைக்காலம் வேலை வாங்கிய பிறகு, பள்ளி ஆறு ஆட்டம் ஜெயித்தது. குவார்ட்டர்பேக்காக இருந்தவன் சாதாரணக் கைக்காரன். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பழைய பையன் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வணக்கம் சொன்னேன். மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "இவனுக்கு நேரம் கிடைக்குது ஆன்ட்டி." கோபமோ பொறாமையோ அந்தக் குரலில் இல்லை. அன்று நான் மகனிடம் அதைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னேன்.

2025 ஏப்ரலில் பிரவுன்ஸ் கையில் இரண்டாவது இடம். குவார்ட்டர்பேக் தேவை ஊரறிந்த விஷயம். எடுக்கவில்லை. ஜாக்சன்வில்லுக்கு அந்த இடத்தைக் கொடுத்து, 2026-இன் முதல் சுற்று உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, ஐந்தாவது இடத்தில் மேசன் கிரகாம் என்ற, எதிரணியின் சுவரை உடைக்கிற டிஃபென்சிவ் லைன் ஆளை எடுத்தார்கள். குவார்ட்டர்பேக்குகளைப் பின்னால் எடுத்தார்கள்: டிலன் கேப்ரியல் 94, ஷெடூர் சாண்டர்ஸ் 144. கோயிலில் பாதிப் பேர் திட்டினார்கள். நான் சரி என்றேன்.

நவம்பர் 23 அன்று லாஸ் வேகஸில் சாண்டர்ஸ் முதல் தடவை தொடக்கத்திலிருந்து ஆடினார். மகன் இப்போது வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சேர்ந்தே பார்ப்போம். அவன் டிவிக்கு என் டிவியைவிட மூன்று நாலு வினாடி முன்னாலேயே படம் வந்துவிடும். முதல் முறை பந்து சாண்டர்ஸ் கைக்கு வந்தது. நான் "ஒண்ணு" என்று ஆரம்பிக்கும்போதே போனில் அவன் "நாலு" என்று சொல்லிவிட்டான். பையன் இன்னும் நிற்கிறான் என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.